ஷூ லேஸ் கட்டிய மூட்டை

மினசோட்டாக் குளிரை மக்காச்சோளத்தை எரித்தே சமாளிக்கலாம் என்று எங்கள் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் வெர்னா. தெருக்கோடியில் பெரிய தகரக் குதிர் ஒன்றை நிறுத்தி, விவசாயியிடம் லாரியில் சோளம் வரவழைத்து, சங்கம் என்று பெயர் வைத்து எங்களை எல்லாம் மேய்த்தாள். அவரவர் மூட்டை பிடித்து வீட்டு நிலவறையில் அடுக்கிக்கொள்வோம்.

"பழசை முதல்ல எரிங்க. பின்னாடி கெடக்கறத எடுங்க. இல்லாட்டி வண்டு வரும்" என்று குளிர்காலம் முழுக்க எங்கள் உயிரை வாங்குவாள்.

போன குளிரில் அவளுடைய ஒரே மகன் நெல்ஸ் வந்திருந்தான். குதிருக்குப் போய் அம்மாவுக்காக ஒரு மூட்டை பிடித்தான். கட்டுவதற்குக் கயிறு இல்லை. ஒரு ஷூவிலிருந்து லேஸை உருவிக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு, ஷூ தொளதொளவென்று அடிக்க வந்தான். "கல்யாணம் பண்ற வயசுல ஷூவைக் கழட்டிக்கிட்டு வர்றான் பாரு" என்று வெர்னா சிரித்தாள். ஊருக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலைப் பனியில் அவன் கார் லாரிக்கு அடியில் போய்விட்டது.

அந்த மூட்டையை வெர்னா எரிக்கவில்லை. நிலவறையில் பின்சுவரோரம் தள்ளி வைத்தாள். எனக்கு மட்டும் காட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத ஆர்லிஸ். சொன்னா பூ கொண்டாந்து வைப்பாளுங்க."

நான் சொல்லவில்லை.

இந்த ஜனவரியில் அவளுக்கு இதய அறுவை சிகிச்சை. நகரத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போய்க் கூடவே இருந்தேன். ஒருவர் ஊரில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டைச் சூடாக்கும் சோள அடுப்பைப் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். காலையில் எரிந்து இறுகிய சாம்பல் கட்டியைத் தட்டி எடுத்து, தொட்டியில் சோளம் நிரப்ப வேண்டும். அடுப்பு அணைந்தால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். பக்கத்து வீட்டில் இருந்தது ரமோன். டெக்ஸஸிலிருந்து புதிதாக வந்தவன், பனியைக் கண்டாலே நடுங்குகிறவன். புறப்படும் முன் அவனை நிற்கவைத்து வெர்னா எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் அவளுக்கு அந்த மூட்டையின் நினைவு வந்தது.

"முன்னாடியே மூட்டை நெறைய கெடக்கு. சுவர் வரைக்கும் போகமாட்டான், இல்ல?"

"போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவ? வேண்டாம் விடு."

திரும்பி வந்தபோது வீடு கதகதவென்று இருந்தது. ரமோன் சூப் வைத்துக்கொண்டு காத்திருந்தான். முகமெல்லாம் பெருமை.

"வெர்னாம்மா, அடுப்பு ஒருதடவகூட அணையல. நீங்க சொன்ன மாதிரியே பின்னாடியிருந்து எடுத்தேன். ஒரு மூட்டைய எவனோ ஷூ லேஸ் போட்டுக் கட்டியிருக்கான். அவுக்கவே வரல. வெட்டித்தான் எடுத்தேன்."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தேன். வெர்னா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"லேஸ் எங்கப்பா?"

"குப்பைல போட்டேன். வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு. ஏன், வேணுமா?"

"இல்ல. சாம்பல்?"

"வாசப்படில தூவிட்டேன். ஒரே ஐஸு. ஆபரேஷன் பண்ண உடம்பு, வழுக்கி விழுந்துட்டா என்னாறது?"

சற்று முன்புதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறி வந்திருந்தாள்.

"நல்லது செஞ்சப்பா," என்றாள் வெர்னா. "உக்காரு. நீயும் ரெண்டு வாய் சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். அவன் ஊர் வெயிலைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் அவள் தலையாட்டினாள். எப்படித்தான் முடிந்ததோ அவளுக்கு.

அவன் போனதும் அடுப்புத் தொட்டியைத் திறந்து ஒரு கை அள்ளினாள்.

"இதுல நெல்ஸ் புடிச்சது ஏதாச்சும் இருக்குமா?"

ஒரு மூட்டைச் சோளத்துக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் தெரியும். "தெரியல வெர்னா" என்றேன். மணிகளை விளக்குக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றுகூடச் சிந்தாமல் திரும்பத் தொட்டியிலேயே போட்டாள். வாசல் கதவைத் திறந்தாள். படிகளில் சாம்பல் மீது எங்கள் இரண்டு பேர் பூட்ஸ் தடமும் இருந்தது.

"மிதிச்சுக்கிட்டா வந்தேன்?" என்றாள். கதவைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்து, தையல் போட்ட மார்பைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமாக அழக்கூட மருத்துவர் விடவில்லை அவளை.

அன்றிலிருந்து வெர்னா வாசல் பக்கம் வருவதில்லை. கடைக்கானாலும் சர்ச்சுக்கானாலும் பின்கதவு வழியாகப் போய் முழங்கால் பனியில் சுற்றிக்கொண்டு வருகிறாள். ரமோன் அதைக் கவனித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"படியில இன்னும் வழுக்குதோ என்னவோ, பயப்படறாங்க. எங்க வீட்டுச் சாம்பலையும் கொண்டாந்து போடட்டுங்களா?"

போட வேண்டாம் என்றேன்.