கையால் ஆட வேண்டிய சண்டை

என் தம்பிக்கு வாய் மட்டும்தான் குறையில்லாமல் வேலை செய்தது. ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட ஏணியில் ஏறியவன் விழுந்து, கழுத்து நரம்பு நசுங்கி, நான்கு மாதமாகப் படுக்கை. வலது கை விரல்கள் லேசாக அசையும், அவ்வளவுதான். கை கால் அசைவு ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தால்தான் உண்டு, விடாமல் பயிற்சி கொடுங்கள் என்றார் டாக்டர். இந்த மகாராஜாவோ பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி அம்மாவை மூன்று தடவை திட்டித் துரத்திவிட்டான்.

கெஞ்சினேன், அழுதேன், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். கடைசியில் அவனே ஒரு பந்தயம் வைத்தான். விழுவதற்கு முன் கம்ப்யூட்டரில் இரண்டு வருஷமாக அவன் ஆடிவந்த போர் விளையாட்டு பாதியில் நின்றிருந்தது; எதிரி அவனுடைய தலைநகரக் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டான். கோட்டை போனால் ஆட்டம் முடிந்தது. பின்னால் போய்த் திரும்ப ஆடவும் முடியாது. ஜெயித்தால் பயிற்சிக்கு ஒத்துக்கொள்வான். தோற்றால் நான் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அவன் சொல்லச் சொல்ல மவுஸைப் பிடிக்க வேண்டியது நான்.

திரையில் இரண்டு பட்டன்கள். ஒன்றை அமுக்கினால் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நொடியில் முடிவைச் சொல்லிவிடும். மற்றதை அமுக்கினால் ஒவ்வொரு படையையும் நாமே நகர்த்திச் சண்டை போட வேண்டும். பேக்கரியில் மாவு பிசைகிற எனக்கு முதல் பட்டன்தான் பிடித்தது. ஆனால் அதன் மேலேயே 'தோல்வி உறுதி' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"அது தலையத்தான் எண்ணும்கா. வாசல் எவ்வளவு குறுகல்னு அதுக்குத் தெரியாது. நீ கையால ஆடு," என்றான்.

ஈட்டிக்காரர்களை வாசலில் நெருக்கி நிறுத்தச் சொன்னான், வில்லாளிகளை அவர்களுக்குப் பின்னால். எதிரி மோதி மோதி விழுந்தான். எங்கள் நானூறு பேர் அவனுடைய ஆயிரத்தை அறுநூறாக்கினார்கள். தம்பியின் குரல் ஏறிக்கொண்டே போனது. நான்கு மாதத்தில் அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. கடவுளே, இந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டே ஆடினேன்.

முன்வரிசை சரியத் தொடங்கியதும் தளபதியைக் குதிரையோடு வாசலுக்குள் விடச் சொன்னான். அதற்கு முன் வில்லாளிகளை நிறுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர்கள் பாட்டுக்கு எய்துகொண்டே இருப்பார்கள், நம் ஆள் மேலேயே படும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தப் பட்டன் என்று தேடுகிற பதற்றத்தில் குதிரையை முதலில் விட்டுத் தொலைத்தேன்.

"அம்ப நிறுத்துக்கா. அக்கா, அம்பு."

எங்கள் அம்புகளே தளபதியின் முதுகில் இறங்கின. அவர் விழுந்ததும் மிச்சமிருந்தவர்களும் ஓடினார்கள். கோட்டை போயிற்று.

தலையில் அடித்துக்கொண்டேன். பாவி, கைக்கு வந்ததைக் கெடுத்துவிட்டேனே. இந்தப் பந்தயம் இல்லாமலிருந்தால் இன்னும் இரண்டு மாதமாவது அவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கலாம். அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன். அவன் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

கண்ணீர் அவன் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கப் போனேன், தொடாதே என்றான். வெகுநேரம் திரையையே முறைத்தான்.

"ஜெயிச்சிருக்க வேண்டிய சண்டைக்கா இது," என்றான். குரலில் அவ்வளவு எரிச்சல். "உன் கைய நம்பி இனிமே ஆகாது. நாளைக்கு அந்தம்மாவ வரச் சொல்லு."