அவருக்கு வருத்தமாம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. என் கணவருடையது. சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் தண்ணீர்க் குவளையோடு வந்து நின்று துண்டு துண்டாகச் சொன்னது. பாதி அவர் சொல்லிக் கேட்டது, பாதி நானே கூட இருந்து பார்த்தது. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு நிபந்தனை போட்டார். யாருடைய பெயரும் வரக் கூடாது. அவரைப் பெரிய வீரனாக்கக் கூடாது. முதலாவது சுலபம். இரண்டாவதற்கும் நான் அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. (இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். எடுத்துவிடு என்று சொல்லவில்லை.)

அவர் ஒரு சின்னக் கட்சியின் மாவட்டப் பொருளாளர். பொருளாளர் என்றால் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவர் என்று நினைப்பீர்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அவருடைய வேலை காத்திருப்பது. வசதியானவர்கள் வீட்டு வரவேற்பறையில் மீன்தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும். அவர்கள் சொல்கிற ஜோக்குக்குச் சரியான இடத்தில் சிரிக்க வேண்டும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பரிசு வாங்க வேண்டும். பரிசைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்:

"கட்சி அலுவலகத்தின் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட நீளமான கார் ஒன்று வந்து நின்றது. மோதிரங்கள் மின்னும் ஒரு கை மெல்ல வெளியே—"

கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "கார் சின்னதுதான். அவரே ஓட்டிட்டு வருவாரு. மோதிரமெல்லாம் கிடையாது" என்றார்.

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

2

பெயின்ட்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்கோடியில் பெயின்ட் தொழிற்சாலை வைத்திருக்கிறார். கட்சிக்காரர்கள் தங்களுக்குள் அப்படித்தான் சொல்வார்கள், எதிரில் 'ஐயா'. தேர்தல் வந்தால் எங்கள் சுவரெழுத்துக்கெல்லாம் அவருடைய பெயின்ட். வண்டிகளும் மேடைகளும் அவர் தயவு. கட்சி அலுவலகம் இருந்த மாடியும் அவருடைய கட்டடத்தில்தான்.

இவரை எழுதுவதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவராக்கலாம் என்று பார்த்தால் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார். மெலிந்த மனிதர். தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். என் மாமனார் இறந்தபோது முதலில் வந்தவர் அவர், கடைசிவரை வெயிலில் நின்றார். [இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். எடுத்தால் எனக்குச் சுலபம். ஆனால் கதை பொய்யாகிவிடும்.]

அவர் எங்களிடம் எதையும் கேட்டதே இல்லை. இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. வருத்தப்படுவார், அவ்வளவுதான். தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் வரியை ஏற்ற வேண்டும் என்று கட்சியின் இளைஞர் அணி ஒருமுறை தீர்மானம் போட்டது. "பசங்க பேசினதக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருந்துது" என்றார், பேரன் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்வதைப் போல. அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைக் காணவில்லை. யாரும் தேடவும் இல்லை.

போகப் போக, அவர் வருத்தப்படும்வரை காத்திருக்கும் வேலையும் மிச்சமாயிற்று. கட்சி அறிக்கை எழுதுகிற இளைஞர் எழுதி முடித்ததும் என் கணவருக்குப் போன் செய்வார்: "அண்ணே, இதுக்கு அவருக்கு வருத்தம் வருமா?" என் கணவர் வானிலை அறிவிப்பாளர் மாதிரி பதில் சொல்வார். லேசாக வரலாம். இந்தச் சொல்லை மாற்றினால் வராது. அவருக்கு வருத்தம், எங்களுக்குத் திருத்தம். இப்படியே எங்கள் கட்சி பல வருடம் ஓடியது.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. லஞ்சம் என்ற சொல்லை இந்தக் கதையில் தேடாதீர்கள். வந்ததெல்லாம் நன்கொடை. எல்லாம் முறையாக வந்தது. எழுதக் கஷ்டமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

3

இனி டீச்சர்.

இவரைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. கதையில் வருகிற நல்லவர்களை வாசகர்கள் நம்புவதில்லை. ஆகவே குறைகளை முதலில் சொல்கிறேன். யார் பேசினாலும் குறுக்கே பேசுவார். நாற்காலியில் வளைந்து உட்கார்ந்தால் முதுகில் தட்டி நிமிர்த்துவார், கட்சித் தலைவரையே தட்டியிருக்கிறார். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் கத்திக் கத்தி வளர்ந்த குரல். மைக் கொடுத்தால் மைக்குத்தான் கஷ்டம். எங்கள் தொகுதிக்கு அவரை வேட்பாளராக அறிவித்திருந்தார்கள்.

ஒரு தெருமுனைக் கூட்டத்தில், பெயின்ட் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் தண்ணீரைப் பரிசோதித்து முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் பேசினார். அவரிடம் பயிற்சி எடுக்கிற பெண்கள் அந்தக் கரையில்தான் ஓடுவார்கள். மழை பெய்து தண்ணீர் ஏறினால் கால் முழுக்கத் தடிப்பு வருகிறது. தொழிற்சாலைதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. பரிசோதியுங்கள் என்றுதான் சொன்னார்.

மறுநாள் தலைவர் என் கணவரைக் கூப்பிட்டார். "அவருக்கு ரொம்ப வருத்தமாம்" என்றார். பெயின்ட்காரரின் மருமகன் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாராம், மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறாராம். டீச்சர் உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. அதை டீச்சரிடம் சொல்ல வேண்டியவர் பொருளாளர்.

அன்று மதியம் என் கணவர் சாப்பிடவில்லை. தட்டின் ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

4

டீச்சர் தன் வீட்டுக் கூடத்தில் கிழிந்த வாலிபால் வலை ஒன்றை விரித்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். என் கணவர் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு வலையைப் பற்றி. தலைவருக்கு டீச்சர்மேல் இருக்கும் மரியாதையைப் பற்றி நெடுநேரம் பேசினார். டீச்சர் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார்.

"தம்பி, எனக்கு உடம்புக்கு என்ன?"

செய்தி அதற்குள் அவரிடம் வந்துவிட்டிருந்தது. இந்த மாதிரிச் செய்திக்கெல்லாம் கால் உண்டு.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"அப்புறம் எதுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லணும்?"

 நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விலகச் சொன்னா விலகிடுறேன்" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை, குரலை இறக்கித்தான் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "கட்சி சொன்னா கேட்டுத்தான் பழக்கம். ஆனா காரணத்த நீங்களே கூட்டத்துல சொல்லிடுங்க. நிஜமான காரணத்த. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். அவ்வளவுதான் கேக்குறேன்."

 திரும்பும் வழியில் கணவர் என்ன நினைத்திருப்பார் என்று இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவரிடம் காட்டினேன். நான் ஒண்ணும் நினைக்கல, பசிச்சுது என்றார். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

5

"பொருளாளர் எழுந்தார். அரங்கம் அதிர்ந்தது. 'நண்பர்களே, இந்தக் கட்சி விற்பனைக்கல்ல' என்று அவர் முழங்கியபோது—"

மன்னிக்கவும். நிபந்தனை நினைவிருக்கிறது.

5 (மறுபடியும்)

தொகுதிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், பெயின்ட்காரர் கட்டடத்தின் அதே மாடியில். வந்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள், ஓட்டுநர்கள், ஓய்வு பெற்றவர்கள். டீச்சர் சொன்னபடியே பக்கத்தில் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். என் கணவர் எழுந்து, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர விலகச் சொல்லியிருக்காங்க. அவங்க உடம்பு நல்லாத்தான் இருக்கு. வாய்க்கால் பத்திப் பேசினது பெயின்ட்காரருக்குப் பிடிக்கல. அவர் மருமகனுக்கு சீட் வேணுமாம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முழக்கம் இவ்வளவுதான். 'ஐயா' என்று சொல்ல மறந்துபோனதை அவரே பிறகுதான் கவனித்தாராம்.

யாரும் கொதிக்கவில்லை. யாரும் கோஷம் போடவில்லை. அதிர்ச்சி அடைந்ததாகக்கூடத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான், ஒருவர் வாய்விட்டுச் சொன்னது மட்டும்தான் புதிது. பிறகு பின்வரிசையிலிருந்து வேன் ஓட்டுகிறவர் கேட்டார்: "அப்ப சுவருக்கு யாரு பெயின்ட் அடிக்கிறது?"

அது எதிர்ப்பு இல்லை, திட்டமிடல் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. சுவரே வேண்டாம், வீடு வீடாகப் போகலாம் என்றார் ஒரு மளிகைக்கடைக்காரர். இந்த மாடியைக் காலி பண்ணச் சொல்வார்களே என்றார் இன்னொருவர். என் தம்பியோட டியூஷன் சென்டர் சாயங்காலம் வரைக்கும் சும்மாதானே கிடக்குது என்றார் ஒரு அம்மா. பணக்காரச் சித்தப்பா கோபித்துக்கொண்டு போன கல்யாண வீடு மாதிரி, ஆளாளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் விலக வேண்டாம் என்று யாரும் முறையாக முன்மொழியவேயில்லை. கூட்டக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று குழம்பிப்போய், 'டீச்சர் நிற்கிறார்' என்று எழுதினார்கள்.

6

என் கணவர் தலைவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க" என்றுவிட்டுத் தலைவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் என் கணவர் எழுந்து நிற்பார். கட்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று இருவருமே நினைத்தோம்.

முதலில் வந்தது பெயின்ட்காரரின் அழைப்பு. குரலில் வழக்கமான மரியாதை.

"எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு தம்பி."

இதற்கு எப்போதும் ஒரு பதில் உண்டு: சரி பண்ணிடலாங்கய்யா. என் கணவரின் வாய் அதற்காகத் திறந்ததை நான் பார்த்தேன்.

"இருக்கத்தான் செய்யுங்கய்யா" என்றார்.

 பெயின்ட்காரர், "சரி. அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். சத்தம் இல்லை, மிரட்டல் இல்லை. என் கணவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே மருமகன் எதிர்க்கட்சியின் வேட்பாளர் ஆனார். இவ்வளவு சீக்கிரமாகவா என்று விசாரித்தால், பெயின்ட்காரர் அவர்களுக்கும் பல காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார். நாங்கள் அவர்களைத் திட்டிய மேடையும் அவர்கள் எங்களைத் திட்டிய மேடையும் ஒரே மேடைதானாம். இங்கே கழற்றி அங்கே மாட்டியிருக்கிறார்கள்.

தலைவர் அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், தனியாக. என் கணவர் ராஜினாமாவை மனதுக்குள் எழுதிக்கொண்டே கதவைத் திறந்திருப்பார். தலைவர் தேநீரை வாங்கி முழுதாகக் குடித்து முடித்தார்.

"இனிமே நான் பாட வேண்டாம்" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். இளம் வயதில் மேடைகளில் கட்சிப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர் அவர். பெயின்ட்காரருக்கு அந்தக் குரல் பிடிக்கும். வீட்டில் எந்த விசேஷமானாலும், விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்ததும், தலைவரே ஒரு பாட்டு என்பாராம். அன்போடுதான். மறுக்க முடியாது.

"போன தடவ பாதியிலேயே நிறுத்திட்டேன்" என்றார் தலைவர். "யாருக்கும் தெரியல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என் கணவரும் சிரித்தார். வரவேற்பறைச் சிரிப்பு இல்லை அது. தும்மல் மாதிரி, அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர. ராஜினாமா பற்றி யாரும் பேசவில்லை. போகும்போது தலைவர் படியில் நின்று, வாய்க்கால் விஷயத்தைத் தேர்தல் அறிக்கையில் முதல் பக்கத்தில் போடச் சொன்னார்.

[எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். அறிக்கை எழுதும் இளைஞர் அந்தப் பக்கம் போய்விட்டார். அவருக்கு வீட்டில் நெருக்கடி, நான் குறை சொல்ல மாட்டேன். வண்டி இல்லாமல் எல்லோருக்கும் குதிகால் வலி. டியூஷன் சென்டர் பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தவை. மாவட்டக் குழுவே முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருக்கிறது. ஆனால் போன் வந்தால் என் கணவர் இப்போது உட்கார்ந்தபடியே பேசுகிறார்.]

7

இனி முடிவு. வாக்குப்பதிவு இன்னும் நடக்கவில்லை, ஆகவே நான் இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் டீச்சர் ஜெயிக்கிறார். மாலையோடு வந்து, வளைந்து நிற்கிறவர்களையெல்லாம் முதுகில் தட்டுகிறார். படிக்க நன்றாக இருந்தது. அதுவே எனக்கு உறுத்தியது.

இரண்டாவதில் தோற்கிறார். எல்லோரும் சோகமாகக் கலைகிறார்கள், வாய்க்கால் ஓடிக்கொண்டே—

வேண்டாம். அது சோகத்துக்காக எழுதிய சோகம். நிஜத்தில் தோற்றாலும் இவர்கள் அப்படிக் கலைய மாட்டார்கள்.

அதனால் நேற்று பார்த்ததை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

டீச்சர் ஆட்களைத் தெருத்தெருவாகப் பிரித்து அனுப்பினார். ஒரு சின்னத் தெரு என் கணவருக்கு. துணைக்கு நான். இத்தனை வருடக் கட்சி வாழ்க்கையில் அவர் ஓட்டுக் கேட்டு ஒரு கதவையும் தட்டியதில்லை. முதல் வீட்டின் முன்னால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் நின்றார். நான்தான் மணியை அழுத்தினேன்.

ஒரு அம்மா வந்து, கம்பிக் கதவைத் திறக்காமலே, என்ன வேணும் என்றார். இவர் கட்சிப் பெயரைச் சொன்னார். டீச்சர் பெயரைச் சொன்னார். 

"ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

பின்னால் நின்ற எனக்கு என் கணவரின் கழுத்து மட்டும்தான் தெரிந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப்பையில் இருந்த போனுக்குப் போயிற்று, யாரையோ கேட்டுச் சொல்கிறவரைப் போல. பையைத் தொட்டது. அப்படியே இறங்கிவிட்டது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார். "என்ன பண்ணணும்?"

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாவி எடுத்துவந்து கம்பிக் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. நெறைய இருக்கு."

அந்த அம்மா சொன்னதை நான் எழுதப்போவதில்லை. அது அந்த வீட்டு விஷயம். என் கணவர் இப்போது அடுத்த தெருவுக்குத் திரும்பியிருப்பார். ஒருவேளை அது உங்கள் தெருவாக இருக்கலாம். மணி அடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கித்தான் நிற்பார். மீதியை நீங்களே அவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.