செவ்வந்தி வீட்டு அடுப்பு

தூக்கு நிறைய சாம்பார் சாதத்தோடு கஸ்தூரியம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றபோது, கீழ்வீட்டுச் செவ்வந்தி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எம் வூட்ல யாரும் சாவலக்கா. எடுத்துக்கினு போங்க."

இதில் கஸ்தூரியம்மாள் செய்த தப்பு என்று எதைச் சொல்ல? முந்தின நாளிலிருந்து டிவியில் அதையேதான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வடக்கே மலையில் பேய்மழை கொட்டி, ஆறு பாறையும் சேறுமாகப் பொங்கி வந்து, சுரங்கப்பாதை தோண்டப் போனவர்களின் கேம்ப்பை அப்படியே வாரிக்கொண்டு போயிருந்தது. அந்தக் கேம்ப்பில்தான் செவ்வந்தியின் புருஷன் தமிழ்மாறன் இருந்தான். இங்கே நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் முடிந்துபோனதால் பொக்லைன் ஓட்ட மலைக்குப் போனவன். போன் ஸ்விட்ச் ஆஃப். வேலைக்குக் கூட்டிப்போனவர்களோ விசாரித்துச் சொல்கிறோம் என்பதோடு சரி. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, அக்கம்பக்கம்தான் ஆக்கிக் கொண்டுபோய்ப் போடவேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். யோசிப்பதற்கு முன்னாலேயே கஸ்தூரியம்மாளின் கை பாத்திரத்துக்குப் போய்விட்டது.

செவ்வந்திக்கோ அந்தத் தூக்கைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அதை வாங்கிவிட்டால் தீர்ந்தது. அவள் கையாலேயே அவனை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும். நல்லதுக்குக் காலமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கஸ்தூரியம்மாள் மாடியேறிப் போனாள்.

அன்றையிலிருந்து செவ்வந்தி வீட்டு அடுப்பு மூன்று வேளையும் எரிந்தது. உலை வைத்தாள், குழம்பு கூட்டினாள், அப்பளம் பொரித்தாள். வாசம் மாடிவரைக்கும் போகட்டும், இந்த வீட்டில் எழவு இல்லை என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றே பொரித்தாள். ஆனால் சாப்பிடத்தான் ஆளில்லை. குவார்ட்டர்ஸ் மாமனார் ராயப்பன் பேரில் இருந்தது. மைன்ஸில் பெர்மனெண்ட் ஆள், ஒரு ஷிப்ட் தவறவிடாதவர். அவர் வேலைக்குப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தட்டை வைத்தால் அப்படியே கையைக் கழுவிவிடுவார். அவளுக்கும் ஒரு பருக்கை இறங்கவில்லை. ஆக்கியதெல்லாம் தெரு நாய்களுக்குப் போயிற்று. நாய்கள் கொழுத்ததுதான் மிச்சம்.

பிளாக்கில் சிலர் நடராஜர் கோயிலுக்குப் போய் தமிழ்மாறன் பேருக்கு அர்ச்சனை செய்தார்கள். ஒரு வீட்டில் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். செவ்வந்தி மட்டும் எந்தச் சாமியையும் கேட்கவில்லை. அவன் இருக்கிறான். இருக்கிறவனுக்கு எதற்கு வேண்டுதல்? இப்படிப் பிடிவாதமாகத்தான் இருந்தாள். ஆனாலும் நாள் போகப் போக, அரிசி களைவதைப் பாதியில் விட்டுவிட்டு நின்றாள். யாருக்குடி வடிக்கிறாய் என்று உள்ளுக்குள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒரு வேளை அடுப்பு பற்றவைக்காமல் விட்டால் நாமே அவனைக் கைவிட்டதாகிவிடுமே என்று பயந்தாள். பற்றவைக்கவும் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்து கஸ்தூரியம்மாள் மறுபடியும் இறங்கி வந்தாள், இந்தத் தடவை வெறுங்கையோடு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலும் கீழுமாக இத்தனை வருஷம் குடியிருந்தும் கஸ்தூரியம்மாள் செவ்வந்தி வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. கொடுப்பாள், வாங்கமாட்டாள். "இப்பத்தான் குடிச்சேன்" என்பாள். அவளுடையது வளையமாதேவி கிராமத்தில் நிலபுலனோடு இருந்த குடும்பம். செவ்வந்தியின் ஆட்கள் அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். காரணம் இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை. அப்படிப்பட்டவள் நேரே உள்ளே வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"முட்டி வலி உயிரு போவுது, நின்னு ஆக்க முடியல. ஒரு வாய் சோறு போடு புள்ள."

செவ்வந்தி அவசர அவசரமாக உலை வைத்தாள். கஸ்தூரியம்மாள் பிசைந்து சாப்பிட்டாள், மறுசோறு கேட்டாள், உப்பு ஒரு கல் கூட என்று குறையும் சொன்னாள். ராயப்பன் டிவியை விட்டுத் திரும்பிப் பார்த்தார். வந்தவர் சாப்பிடும்போது வீட்டுக்காரர் வெறுமனே இருந்தால் மரியாதையாக இருக்குமா? அவரும் தட்டை இழுத்துக்கொண்டார். செவ்வந்தி சாப்பிட்டால்தான் எழுந்திருப்பேன் என்று கஸ்தூரியம்மாள் சட்டமாக உட்கார்ந்திருந்ததில் அவள் வயிற்றுக்கும் நாலு கவளம் போயிற்று.

அடுத்த வேளைக்கு பிளாக்கே திரண்டு வந்தது. ஒரு வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதாம், ஒருத்திக்குக் கை சுட்டுவிட்டதாம், இன்னொருத்தர் பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டாளாம். அந்தப் பெண்டாட்டி அவருக்குப் பின்னாலேயே தட்டோடு நின்றாள். பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டாமா? ஒருவர் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பண்ருட்டிக்குப் போய்வந்தவர் கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் கொண்டுவந்து கொட்டினார். செவ்வந்திக்கு எல்லாம் புரிந்தது. தன் அடுப்பை எரியவைக்கத்தான் இத்தனை பேரும் பசியோடு வந்திருக்கிறார்கள். கஞ்சி வடிக்கிற ஆவியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நீங்களெல்லாம் நல்லா இருக்கணும் என்று சொல்ல வாயெடுத்தால், குழம்பு அடி பிடிக்குது பார் என்று கஸ்தூரியம்மாள் விரட்டினாள்.

ஒரு மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"செவ்வந்தி, நான்தான்."

அவள் சமையற்கட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வருகிற இரைச்சல் கேட்டு அவனும் இன்னும் நாலைந்து பேரும் மேட்டைப் பார்த்து ஓடினார்களாம். மேலே ஒரு சின்ன ஊர். பாஷை தெரியாத ஒரு அம்மா வீட்டுக்குள் இழுத்துப்போய் கம்பளி போர்த்தி, அன்றையிலிருந்து வேளை தவறாமல் சுடச்சுட ரொட்டியும் பருப்பும் போட்டாளாம். பாதை சரியாகி இன்றைக்குத்தான் மிலிட்டரிக்காரர்கள் வந்து சேர்ந்தார்களாம். இவ்வளவும் சொன்ன பிறகுதான் அதைச் சொன்னான்.

"அந்தம்மாவோட புள்ள ஆத்தோரம் டீக்கடை வச்சிருந்தவராம். அன்னிக்கே ஆத்துத் தண்ணி அவர இழுத்துக்கினு பூட்டுது. அவங்களுக்கு அப்பவே தெரியும், செவ்வந்தி. அங்கயும் சாவு வூட்ல அடுப்பு எரியக் கூடாதாம். நாங்க பட்டினி கெடப்போம்னு தெனமும் பத்த வச்சிருக்காங்க. ஊருக்காரங்க சொன்னத தமிழ் தெரிஞ்ச மிலிட்டரிக்காரர் ஒருத்தர் இன்னிக்கித்தான் எடுத்துச் சொன்னார்."

கூடத்தில் இருந்தவர்களுக்கு அவன் உயிரோடு இருப்பது மட்டும்தான் தெரியும். ராயப்பன் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. யாரோ ஸ்வீட் வாங்க ஓடினார்கள். பாயசம் வைத்தே தீருவது என்று கஸ்தூரியம்மாள் சேமியாவைத் தேடிக்கொண்டு சமையற்கட்டுக்குள் வந்தாள். செவ்வந்தி எழுந்து, கொதித்துக்கொண்டிருந்த உலைக்கு அடியில் தீயை அணைத்தாள்.

"நம்ம வூட்ல சாவுக்கா" என்றாள். "அவருக்குச் சோறு போட்டவங்க புள்ள. இன்னிக்கி நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

முழுக்கக் கேட்டதும் கஸ்தூரியம்மாள் சேமியாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஆக்குவதற்கு மாடியேறிப் போனாள். விஷயம் கூடத்துக்குப் போனதும் ராயப்பன் எழுந்து பின்பக்கத்துக் குழாயடிக்குப் போனார். கட்டிய வேட்டியோடு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பங்காளி செத்தால் முழுகுகிற முழுக்கு அது. நனைந்த முகத்தைத் துடைக்காமலேயே மருமகளைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள பேரு என்னான்னு கேட்டுச் சொல்லும்மா."

செவ்வந்தி அந்த நம்பருக்குத் திரும்பப் போன் போட்டாள்.