முப்பது வருஷப் பழசில் ஒரு புதுக் கிட்டார்

ஒவ்வொரு கலைஞனின் ஆன்மாவும் அவன் இளமையில் ஏந்திய கருவிக்குள் குடியிருக்கிறது. காலம் அவன் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் அந்தக் கருவி மட்டும் அவனுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. ஆடிட்டரின் ஆன்மா குடியிருக்க வேண்டிய கருவிக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கப்படவில்லை.

விஷயம் மகளின் கல்யாணப் பேச்சில் தொடங்கியது. இரண்டு குடும்பங்களும் முதல்முறையாக ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, யார் எதை ஆர்டர் செய்தாலும் “எனக்கும் அதே” என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளையின் அப்பா பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் தான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதாகவும், பல் என்பது தொழில், கிட்டார்தான் வாழ்க்கை என்றும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“எங்கப்பாவும் காலேஜ் பேண்டுல லீட் கிட்டார் வாசிச்சவர்தான் அங்கிள்” என்றாள் மகள்.

ஆடிட்டர் மெல்லுவதை நிறுத்தினார். மகள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. பள்ளியில் பேச்சுப்போட்டிக்குப் போகமாட்டேன் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாளில், மேடையில் கிட்டாரோடு நின்று கைகால் வெடவெடத்த கதையை ஆடிட்டர் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மேடை ஏறினாள். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டாள். ஆடிட்டரால்தான் கதையிலிருந்து இறங்க முடியவில்லை.

பல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “என்ன கலர் சம்பந்தி?”

“கடல் பச்சை.”

“இப்பவும் வச்சிருக்கீங்களா?”

“இருக்கு. மேடையிலேர்ந்து விழுந்து கீழ் மூலை பேந்து போச்சு. தலைப்பக்கம் ஒரு சிகரெட் சூடு கூட உண்டு.”

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேள்வி கேட்டே பழகியவருக்குப் பதில் சொல்வதில் இப்படி ஒரு சுகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஃப்ரெண்டு வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருக்கிறது என்று அதற்கு விலாசமும் கொடுத்துவிட்டார்.

“அடுத்த மாசம் உங்க வீட்டுக்கு வர்றோம்ல, எடுத்து வையுங்க” என்றார் பல் டாக்டர். “அந்த மாதிரி ஒண்ணைத் தொட்டுப் பாக்கணும்.”

திரும்பும் வழியில் மகள் மாப்பிள்ளையோடு அவன் வண்டியில் போய்விட்டாள். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். “சிகரெட் சூடா? நீங்க ஊதுவத்தி பக்கத்துல போனாலே இருமுவீங்களே.”

“ஒரு வேகத்துல வந்துடுச்சு.”

“அந்தக் கச்சேரிக்கு வந்த என்னோட டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்ததே நீங்கதான். மறந்துடுச்சா?”

“அவளுக்குத் தெரியாதில்ல.”

“சொல்லிடுங்களேன். டிக்கெட் கிழிக்கிறது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்லையே.”

சிக்னலில் பச்சை விழுந்தும் ஆடிட்டர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். “இப்ப போய் அவகிட்ட என்னன்னு சொல்றது? அன்னிக்கு நீ ஏறின மேடைக்குப் படியே இல்லன்னா?”

பழைய கிட்டார் ஒன்றை எங்காவது வாங்கிவிடலாம்தான். ஆனால் கடல் பச்சையில், கீழ் மூலை பேந்து, தலையில் சூடு பட்ட பழைய கிட்டார் எந்தக் கடையிலும் இல்லை. ஆடிட்டர் அதை ஓட்டல் மேசையில் உட்கார்ந்து படைத்திருந்தார். ஆகவே அதைப் புதிதாகச் செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று.

டயர் கடைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் கிட்டார் செய்பவர் தன்னை ‘நாதச் சிற்பி’ என்று அட்டையில் அச்சடித்து வைத்திருந்தார். புதுக் கிட்டாரைப் பழசாக்கித் தரச் சொல்லி நிறையப் பேர் வருகிறார்களாம். சாவிக்கொத்தால் கீறுவார், பெல்ட் பக்கிளால் முதுகைத் தேய்ப்பார், வார்னிஷ் வெடிக்கட்டும் என்று உடம்பைத் தூக்கி ஃப்ரீசரில் வைப்பார். புதுசாகச் செய்ய ஆகும் செலவைவிடப் பழசாக்கத்தான் கூட ஆகும் என்றார். அனுபவத்துக்கு விலை உண்டாம்.

“எந்தெந்த கார்டு அதிகமா வாசிப்பீங்க சார்?”

“எதுக்கு?”

“விரல் அழுத்துற எடத்துலதானே தேயும். தப்பான எடத்துல தேய்ச்சுட்டா விஷயம் தெரிஞ்சவன் சிரிச்சுடுவான்.”

ஆடிட்டர் யோசித்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது வாசல் வரைக்கும் கேட்ட ஒரே ஒரு ஸ்வரக்கூட்டின் பெயர் நினைவுக்கு வந்தது. “ஜி.”

“அப்புறம்?”

“பெரும்பாலும் ஜிதான்.”

நாதச் சிற்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. கொள்கைன்னு ஒண்ணு இருந்தா அதுல நிக்கணும்” என்றார்.

அன்றிலிருந்து ஆடிட்டருக்குத் தூக்கம் போயிற்று. டீத்தண்ணியில் முக்கிப் பழசாக்கிய ரசீதுகளை மூக்கருகே கொண்டுபோன உடனே கண்டுபிடிப்பவர் அவர். அந்த வித்தையைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார். இப்போது அலுவலகத்தில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முகர்ந்து பார்க்காமலே வாங்கி வைத்தார். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் பட்டறைக்கு போன் செய்வார். பச்சை இன்னும் கடலாகவில்லை என்பார் சிற்பி. அடுத்த வாரம், சூடு வைக்க நல்ல பிராண்டு சிகரெட் கிடைக்கவில்லை என்பார்.

“ஞாயித்துக்கிழமை வர்றாங்க. கொஞ்சம் சீக்கிரம்...”

“முப்பது வருஷத்தை அவசரப்படுத்த முடியாது சார்.”

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பெட்டி வந்தது. நல்லவேளை, மகள் குளித்துக்கொண்டிருந்தாள். ஆடிட்டர் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கடல் பச்சை. பேந்த மூலை. தலையில் ஒரு கருப்புப் பொட்டு. ஒரு கணம் அது தன்னுடையதுதான் என்று அவருக்கே தோன்றிவிட்டது. அடுத்த கணம் வார்னிஷ் நெடி முகத்தில் அடித்தது.

“பெயிண்டு கடை மாதிரி இருக்கே” என்றாள் மனைவி.

“என்ன பண்றது?”

“உங்க அழுக்குத் துணியெல்லாம் மேல போட்டு மூடுங்க. அதுல போகாத வாசனை எதுலயும் போகாது.”

அப்படியே செய்தார்கள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள். குளித்துவிட்டு வந்த மகள் கதவைத் தட்டினாள். “என்னப்பா பண்றீங்க?”

“உன் அப்பா பழைய நினைவுல இருக்கார். தொந்தரவு பண்ணாதே” என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

சம்பந்தி வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அரைகுறையாக முடிந்தது. பல் டாக்டர் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, சிகிச்சைக்குத் தயாராகிறவரைப்போல சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். ஆடிட்டர் கிட்டாரைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். 

டாக்டர் முதலில் முகர்ந்தார்.

“போன வாரம் பாலிஷ் போட்டேன்” என்றார் ஆடிட்டர். யாரும் கேட்கவில்லை.

டாக்டர் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். கழுத்தின் மேலிருந்து கீழ்வரை, கடைவாய்ப் பல்லில் சொத்தை தேடுகிற நிதானத்தோடு வெளிச்சத்தை நகர்த்தினார். மகள் சோபாவுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தாள். அவளும் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். ஆடிட்டர் கிட்டாரைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி.”

“சொல்லுங்க.”

“மூணே மூணு எடத்துலதான் குழி விழுந்திருக்கு. மத்த எடமெல்லாம் பால்பல்லு மாதிரி இருக்கு. ஒரே பக்கமா மென்னிருக்கீங்க.”

ஆடிட்டர் ஒரு விரலை அந்தக் குழியில் வைத்துக் காட்டினார். “எங்க பாட்டெல்லாம்... பெரும்பாலும் ஜி.”

டாக்டர் டார்ச்சை அணைத்தார்.  மனைவி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் சமையலறைக்குப் போனாள்.

“முப்பது வருஷம்” என்றார் டாக்டர். குரல் தழுதழுத்தது. “நாங்கெல்லாம் ஊர்ல உள்ள கார்டு அத்தனையும் கத்துக்கிட்டு என்னத்தைச் சாதிச்சோம்? இவர் ஒண்ணுலயே நின்னிருக்கார். இது வாசிப்பு இல்ல, தவம்.”

மாப்பிள்ளை தலையாட்டினான். அவனுக்குப் பழக்கம் போலிருக்கிறது. மகள் சோபாவைச் சுற்றி வந்து அப்பாவின் தோளில் கை வைத்தாள். ஆடிட்டர் அன்று காலையிலிருந்து முதல்முறையாக ஒழுங்காக மூச்சுவிட்டார். அடக்கமாகக் கூட ஏதோ சொன்னார்: கலை என்பது குறைத்துக்கொள்வதுதான் என்பதுபோல.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டர் மகனைப் பார்த்து, “டிக்கியில ஆம்ப் இருக்கு, எடுத்துட்டு வா” என்றார்.

“இன்னிக்கு வேண்டாமே” என்றார் ஆடிட்டர். “விரல் பழக்கம் விட்டுப் போச்சு.”

“ஒரே ஒரு ஜி சம்பந்தி. போதும்.”

“அப்பா, ப்ளீஸ்பா” என்றாள் மகள். “எனக்காக.”

ஆம்ப்ளிஃபயர் பெட்டி கூடத்தின் நடுவே வந்து உட்கார்ந்தது. டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினார்கள். பெட்டி அடித்தொண்டையில் உறுமியது. டாக்டர் ஒயரின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையை இரண்டு கையாலும் ஆடிட்டரிடம் கொடுத்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். செம்போடு மனைவியும் சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள்.

ஆடிட்டர் ஒயரின் முனையைப் பார்த்தார். கிட்டாரின் முகப்பைப் பார்த்தார். திருப்பி முதுகைப் பார்த்தார். குமிழ்களில் ஒன்றை இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை. தலைப்பக்கம் போய், சிகரெட் சூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தடவினார். பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

“கீழ் விளிம்புலப்பா” என்றாள் மகள், மெதுவாக.

கிட்டாரில் ஒயரைச் சொருகும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஆடிட்டருக்குத் தெரியாது.