டென்மார்க் பாண்

நயினாதீவு அம்மாளாச்சி வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம்: இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. 1986இல் இங்கிலாந்துச் சனத்தின் காலைச் சாப்பாட்டைப் புங்குடுதீவு மடத்துவெளியில் இருந்துகொண்டே திருத்தியவர் தம்பிஐயா.

முப்பது வருசம் மலைநாட்டில், அப்புத்தளையில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றில் கடை எரிந்தபின் ஊரோடு வந்தார். கண்ணில் படலம் விழுந்ததால், மகன் மார்க்கண்டு டென்மார்க்கிலிருந்து எழுதும் கடிதங்களை மருமகள் சீதேவிதான் வாசித்துக் காட்டுவாள். மார்க்கண்டுக்கு வேலை நிலைத்தால்தான் அவளுக்கு விசா கிடைக்கும்.

ஆவணியில் வந்த கடிதத்தில் அவள் குரல் தடுக்கியது.

"மாமா, இவையின்ர கொம்பனியின்ர... பா... பாண், இங்கிலாந்திலை விலைப்படுகுதில்லையாம். டென்மார்க் காசு ஏறினதாலை விலை கூடிப்போச்சாம். ஒல்லாந்துப் பாண் மலிவாம். இப்பிடியே போனால் மார்கழியிலை ஆக்களை வேலையாலை நிப்பாட்டுவினமாம்."

பாண் என்றால் போறணையில் வேகிற ரொட்டிதானே, கப்பலில் போனால் பூஞ்சணம் பிடிக்காதோ என்று தம்பிஐயா கேட்கவில்லை. அப்புத்தளையில் தோட்டத்துத் துரைமாருக்குத் தகரத்தில் அடைத்த பேக்கன் விற்றவர் அவர். உப்புப் போட்ட பன்றி இறைச்சி. மச்சமாமிசம் தொடாத பெண்சாதிக்கு அதை உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் என்று சொல்லிவைத்தவர். டென்மார்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு என்ன போகும் என்று தெரியாதா? கோயிலுக்குப் பூ ஆய்ந்து கொடுத்த மகன் அங்கே எதை வெட்டுகிறான் என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆனால் தன் மனம் நோகக்கூடாதென்று இந்தப் பிள்ளை ஒரு பன்றியையே பாணாக்கி வைத்திருக்கிறாள். அதைப் போய்க் கெடுப்பதா?

"ஒல்லாந்தனோ? எங்கட தீவுகளைப் பிடிச்சு ஆண்டது காணாதெண்டு பாணுக்கும் வந்திட்டானோ? பேனையை எடு பிள்ளை."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"எதிர்க்கடை விநாயகமூர்த்தி அஞ்சு சதம் குறைச்சவன். நான் ஒரு சதமும் குறைக்கேல்லை. சாமானுக்கு மேலை ஒரு பிடி கூடப் போட்டன். அவன்ரை சனம் முழுக்க என்ரை கடைக்கு வந்திட்டுது. முதலாளியிட்டைச் சொல்லு, பத்துத் துண்டு வைக்கிற இடத்திலை பதினொண்டு வைக்கட்டாம்."

"பாண் துண்டோ மாமா?"

"வேறை என்ன துண்டு?"

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டுபேரும் வள்ளத்தில் நயினாதீவுக்குப் போனார்கள். சீதேவி கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

"என்ன நேந்தனீ?"

"டென்மார்க் பாண் விலைப்படவேணுமெண்டு."

"அம்மாளாச்சிக்கும் பாண் எண்டோ சொன்னனீ?"

அவள் முகம் வெளிறிப்போனது. மங்கல் கண்ணுக்கே அது தெரிந்தது.

"இல்லை, அச்சுப் பாணோ, றோஸ் பாணோ எண்டு விபரமாய்ச் சொல்ல வேணுமெல்லே" என்று கிழவர் சமாளித்தார். கடிதம் வந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

ஐப்பசியில் மறுமொழி வந்தது. சீதேவி தடக்காமல் வாசித்தாள். பதினோராவது துண்டைக் கண்ட இங்கிலாந்துக்காரர் கடைவாசலில் வரிசையில் நிற்கிறார்களாம். ஒல்லாந்துக் கப்பல்கள் நடுக்கடலில் திரும்பிவிட்டனவாம். மார்க்கண்டுக்கு வேலை நிரந்தரம், அவளுக்குத் தையில் விசா.

"முதலாளி உங்கட படத்தைத் தன்ரை கந்தோர்ச் சுவரிலை கொழுவியிருக்கிறாராம் மாமா."

"மாலை போடவேண்டாமெண்டு எழுது. ஆள் இன்னும் இருக்கிறார்."

தையில் அவளை யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது, கிழவர் யன்னலுக்குள் கையை விட்டு அவள் தலையைத் தடவினார்.

"குளிர் நாடு. பாண் கிடைச்சால் சாப்பிடு பிள்ளை. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குச் சோறு போதும் மாமா."

பங்குனியில் தம்பிஐயாவுக்குக் கண்ணில் படலத்தை வெட்டிப் பார்வை வந்தது. அலுமாரியில் அவளுடைய பழைய சீலைகளுக்கு அடியில், அவர் சொல்லி அவள் எழுதிய கடிதம், முத்திரையும் ஒட்டி, அனுப்பப்படாமல் கிடந்தது.