பாதி விலை ஸ்டீரியோ

ரெம்பெர்தோவின் மினிபஸ்ஸில் ஸ்டீரியோ செத்து நான்கு நாளாயிற்று. பொலிவியாவின் எல் ஆல்தோ நகரில் ஓட்டுநருக்கு அது வெறும் பாட்டுப்பெட்டி அல்ல. எந்தச் சாலையில் மறியல், எந்தப் பாலத்தில் கல் அடுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் காலை வானொலியில்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை அது தெரியாமல் போய் ஒரு மறியலுக்குள் மாட்டிக்கொண்டான். பதினான்கு பயணிகளும் கட்டணம் தராமல் இறங்கி நடந்துவிட்டார்கள்.

கையில் முந்நூறு பொலிவியானோ இருந்தது. கடையில் புதியது நானூற்றெண்பது. அவன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். வேண்டியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, பழைய உதிரிபாகங்கள் விற்கும் தெருவுக்குப் போனான். வானொலி தெளிவாக எடுக்க வேண்டும். பென்டிரைவ் போட இடம் வேண்டும். நாலு ஸ்பீக்கரையும் தாங்க வேண்டும். சி.டி. தேவையில்லை.

முதல் கடைக்காரர், பெயர் தெரியாத கம்பெனியின் ஸ்டீரியோ ஒன்றை இருநூற்றெண்பதுக்குக் காட்டினார். கரகரத்தது. அடுத்த கடையில், தார்ப்பாயின் மேல், முகம் இல்லாத ஸ்டீரியோக்கள் வரிசையாகக் கிடந்தன.

வண்டியை நிறுத்தியதும் ஸ்டீரியோவின் முன்பலகையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது அங்கே எல்லா ஓட்டுநருக்கும் வழக்கம். முகம் இல்லாததை எவன் திருடுவான் என்ற நம்பிக்கைதான். அதனால் முகம் இல்லாமல் விலைக்கு வரும் ஸ்டீரியோ எங்கிருந்து வருகிறது என்பது ரெம்பெர்தோவுக்குத் தெரியாததல்ல. அவன் பையிலும், செத்துப்போன ஸ்டீரியோவின் முகம் இருந்தது. வரிசையில் ஒன்று அதே வகை. பையிலிருந்த முன்பலகையை எடுத்து அதில் வைத்து அழுத்தினான். டக்கென்று பொருந்தியது.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, மாயெஸ்த்ரோ" என்றான் கடைக்காரன். ஓட்டுநர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"இது எங்கேருந்து வந்துது?"

"கேட்டு வாங்கினா ஒரு விலை, கேக்காம வாங்கினா ஒரு விலை. கேக்காட்டி இருநூத்தி நாப்பது."

ரெம்பெர்தோ மேற்கொண்டு கேட்கவில்லை. வாங்கியதற்குச் சீட்டும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் மாட்டிச் சாவியைத் திருப்பியபோது, திரையில் எழுத்துகள் நீல நிறத்தில் ஓடின: "வணக்கம், பெர்பெத்துவா." பிறகுதான் வானொலி பாடியது. அந்த வாழ்த்தை எப்படி அழிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணின் பெயரே வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து கட்டணம் வாங்கும் அவன் மனைவி நிக்கொலாசா முதல் நாள் முழுக்கக் கேலி செய்தாள். "யாருய்யா அவ? பதினோரு வருஷத்துல எனக்கு ஒரு நாள் இப்படி வணக்கம் வெச்சிருப்பியா?" பயணிகளும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் அவள் சிரிக்கவில்லை. பெயர் இருப்பவளுக்கு ஒரு வண்டியும் இருந்திருக்கும், கழற்றிவிடு என்றாள். மறியல்கள் ஓயட்டும், பார்க்கலாம் என்றான் அவன். அதன்பின் சாவியைத் திருப்பும்போதெல்லாம் இடது உள்ளங்கையால் திரையை மூடிக்கொள்ள ஆரம்பித்தான். அது தப்பென்று தெரிந்துதான் மூடினானா, வெறும் கூச்சமா என்று அவனாலேயே சொல்லியிருக்க முடியாது.

மூன்றாம் நாள் நிக்கொலாசா வரவில்லை. மேட்டுக் குடியிருப்பு ஒன்றின் ஏற்றத்தில் வண்டி அணைந்துபோனது. ஒரு கை பிரேக்கைப் பிடித்திருந்தது, மறு கை சாவியில். பெயர் திரையில் நிதானமாக ஓடி முடிந்தது. முன்னிருக்கையில் இருந்த இளம்பெண் அதைப் படித்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மீதிச் சில்லறை வாங்காமலே இறங்கி, போனைக் காதில் வைத்தபடி நடந்தாள்.

அந்தத் தெருவின் விளக்குக் கம்பங்களில் பழந்துணி திணித்த பொம்மைகள் கழுத்தில் கயிறோடு தொங்கின. திருடன் பிடிபட்டால் உயிரோடு போகமாட்டான் என்று அட்டைகளில் எழுதியிருந்தது. தினமும் பார்ப்பதுதான். அன்று அவன் அவற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

கடைசி நிறுத்தத்தில் ஒரு விசில் கேட்டது. பதில் சொல்வதுபோல் இன்னொன்று. பிறகு தெரு முழுக்க விசில். கதவுகள் திறந்தன. யாரும் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தார்கள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஸ்டீரியோ வாங்கிய சீட்டு எங்கே என்று கேட்டார்கள். இல்லை. எந்தக் கடை, கடைக்காரன் பெயர் என்ன? தெரியாது. ஒருவன் சட்டையைப் பிடித்து அவனைக் கீழே இறக்கினான், அடுத்தவன் கையைக் கட்டினான். கம்பத்தோடு சேர்த்து நிறுத்தியபோது பொம்மையின் கால் அவன் தலையில் இடித்தது. வாங்கினேன், திருடவில்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்கிறான் என்றார் ஒருவர், கோபமே இல்லாமல். அவன் வண்டியின் டாங்கிலிருந்தே ஒருவர் குழாய் போட்டு ஒரு வாளியில் பெட்ரோல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெர்பெத்துவா வந்தாள். ஐம்பது வயது, அதே குடியிருப்பில் வசித்துச் சொந்த மினிபஸ் ஓட்டுகிறவள். கையைப் பிடித்துக் கணவர் செலெதோனியோவைக் கூட்டி வந்தாள். அவரது வலது கண்ணில் கட்டு. வண்டிக்குக் காவலாக உள்ளேயே படுத்திருந்த அவரை, இரண்டு வாரத்துக்கு முன் சக்கரம் கழற்றும் இரும்பால் அடித்துவிட்டு ஸ்டீரியோவைப் பிடுங்கிப் போயிருந்தார்கள்.

கூட்டம் விலகியது. செலெதோனியோ மிச்சமிருந்த கண்ணால் ரெம்பெர்தோவை நெடுநேரம் பார்த்தார். அவர் எந்த வார்த்தையைச் சொன்னாலும் அதுவே நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இவன் இல்ல. அடிச்சவன் குட்டை. இடது கைக்காரன். கயித்தை அவுங்க."

கயிற்றை அவிழ்த்தார்கள். பெட்ரோல் வாளி தரையில் இறங்கியது. ரெம்பெர்தோ மண்டியிட்டு விழுந்தான். தான் திருடன் இல்லை என்று இப்போதாவது தெரிந்ததே என்று அழுதான்.

"திருடன் இல்லதான்" என்றாள் பெர்பெத்துவா. "திருடனுக்குக் கூலி குடுத்தவன். எவ்ளோ குடுத்தே?"

"இருநூத்தி நாப்பது."

"புதுசு நானூத்தி எண்பது. பாதி விலைக்குக் கெடச்சுதுன்னு சந்தோஷப்பட்டிருப்பே. மீதிப் பாதியை யாரு கட்டினதுன்னு பாத்துக்கோ." அவள் கணவரின் கட்டைத் தொட்டுக் காட்டினாள். "வாங்க நீ இருக்கேங்கற தைரியத்துலதான் அவன் இரும்பைத் தூக்கினான்."

ரெம்பெர்தோ எழுந்து, ஸ்டீரியோவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். போகலாம் என்று கூட்டம் வழிவிட்டது. அவன் போகவில்லை.

"கடையைக் காட்டறேம்மா. போலீசுக்கும் வரேன். வித்தவன் பேரு எனக்குத் தெரியாது, வாங்கினவன் பேரு தெரியும். அதையும் எழுதச் சொல்லுங்க. எங்கேருந்து வந்துதுன்னு கேக்காம வாங்கறவனும் அந்த இரும்புல ஒரு கை வெச்சவன்தான்."

செலெதோனியோ முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பெர்பெத்துவா பின்னால் ஏறினாள். வானொலிச் சத்தமே இல்லாத அந்த வண்டி காவல் நிலையத்தை நோக்கி மேட்டிலிருந்து இறங்கியது.