சுண்டுவிரலுக்குக் குறைந்த மதிப்பெண்

அயர்லாந்தின் கிளேர் வட்டார இசைப் போட்டியில் மாண்டலினுக்கு எனக்கு இரண்டாம் இடம். முதலிடம் வாங்கிய பெண் பிரமாதமாக வாசித்தாள், அதில் குறையே சொல்ல மாட்டேன். நடுவர் ஹெஷன் என் தாளில் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

'தாளம் உறுதி. ஆனால் கம்பியை விரல் வைக்காமல் திறந்தபடி மீட்ட வேண்டிய இடத்திலெல்லாம் பக்கத்துக் கம்பியைச் சுண்டுவிரலால் அழுத்துகிறார். வயலின் பள்ளிப் பழக்கம். நம் இசை அல்ல.'

நான் எந்த வயலின் பள்ளி வாசலையும் மிதித்ததில்லை. இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். மாண்டலின் பழகியது தம்பி மாலக்கியோடு அடுப்படியில் உட்கார்ந்து. அவன் வாசிப்பது முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்றூட்டும் ஐரிஷ் துருத்திக்குழல், அதுவும் தாழ்ந்த சுதிக்குச் செய்தது. திறந்த கம்பியின் சுரம் அந்தச் சுதியில் ஒட்டாது, காது கூசும். ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தியே பிடித்ததில் சுண்டுவிரல் நுனி காய்த்துப் போயிருக்கிறது. நம் இசை அல்லவாம்.

"விடுக்கா. அந்தாளுக்கு ஏதாவது எழுதணும், எழுதிட்டான்" என்றான் மாலக்கி.

விட முடியவில்லை. பின்னறையில் ஹெஷன் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். தாளை அவர் தட்டருகே வைத்து, எந்தப் பள்ளி என்று கேட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். திறந்த கம்பி அடுத்த சுரத்துக்குப் போன பிறகும் அதிர்ந்துகொண்டிருக்குமாம், ஐரிஷ் வாசிப்பின் உயிரே அதில்தானாம், அழுத்திய சுரமோ விரலை எடுத்ததும் செத்துவிடுமாம். என் பேருந்தில் வரும் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"என் தம்பி குழலோட உங்க கம்பியத் திறந்து விட்டுப் பாருங்க. எது சாகுதுன்னு தெரியும்" என்றேன்.

"உங்க தம்பி இன்னிக்கு மேடையில இல்லையேம்மா. நீங்க தனியாத்தானே வாசிச்சீங்க?"

அது உண்மைதான். அதனாலேயே கோபம் இன்னும் தலைக்கேறியது.

"மார்க்க நீங்க குறைச்சுக்குங்க. நம்ம இசை இல்லன்னு எழுத நீங்க யாரு? அதை அடிங்க."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் கெண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஹெஷன் பேனாவை எடுத்து, 'வயலின் பள்ளிப் பழக்கம்' என்பதை மட்டும் அடித்தார். மற்றது தன் கருத்து, அது இருக்கட்டும் என்று தாளை நீட்டினார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு, போட்டியில் வாசித்த அதே ரீல் நடன மெட்டை அவர் சொன்னபடி வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அறையே கூடச் சேர்ந்து பாடுவதுபோல இருந்தது. அந்த ஆளுக்கு இவ்வளவு நுட்பமான காது இருந்தும் அப்படி எழுதத் தோன்றியதே என்று எரிச்சல் இரட்டிப்பானது. மாலக்கி உள்ளே வந்து, என்ன புதுச் சத்தம் என்று கேட்டான். கம்பி மாற்றினேன் என்று பொய் சொன்னேன்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு இருவர் வாசிப்புப் பிரிவில் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன், தாழ்ந்த சுதியில். மாலக்கியைக் கேட்கவில்லை. மேடை என்றாலே அவனுக்குப் பயம். பயப்படட்டும், வரத்தான் வேண்டும்.